அறுவைக் கத்தியை வைத்துவிட்டுத் துணைவேந்தர் ஆனது ஏன்? டாக்டர் எம். எஸ். வலியத்தான் பற்றி ஒரு கேள்வி

களியக்காவிளை ஆசிரியர் (கேள்வி):

எங்கள் பள்ளிச் சுவரிதழில் இம்மாதம் இதய அறுவை மருத்துவர் டாக்டர் எம். எஸ். வலியத்தானைப் (1934–2024) பற்றி எழுதுகிறோம். மாவேலிக்கரையில் பிறந்தார், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் படித்தார், லிவர்பூலிலும் அமெரிக்காவிலும் அறுவை சிகிச்சை பயின்றார், 1974 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா என்ற மருத்துவ ஆய்வு நிறுவனத்தை வளர்த்தெடுத்தார் என்பது வரை எழுதுவதில் சிக்கல் இல்லை. பிறகு கர்நாடகத்தின் மணிப்பால் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராகி 1999 வரை இருந்தார் என்ற வரி வந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "நெஞ்சைத் திறந்து உயிரைக் காப்பாற்றத் தெரிந்தவர் எதற்கு சார் கோப்பில் கையெழுத்துப் போடப் போனார்?" என்று கேட்டுவிட்டாள். அவளுக்கு நான் ஏதோ பதில் சொன்னேனே தவிர, அதில் எனக்கே நிறைவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாறசாலை, உயிர்மருத்துவப் பொறியியல் விரிவுரையாளர்:

சார், மணிப்பாலுக்குப் போகும் வரை அவர் அறுவை அரங்கை விட்டு வெளியே வரவில்லை என்று எண்ணுவதால்தான் அந்தக் கேள்வி எழுகிறது. கேரள முதலமைச்சர் அச்சுத மேனன் காலத்தில் ஸ்ரீசித்ராவின் பொறுப்பை ஏற்றபோதே அவர் பாதி நிர்வாகி ஆகிவிட்டார். அதற்குக் காரணமும் இருந்தது. இதய வால்வை அப்போது வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டும். நோயாளி மேசையில் படுத்திருக்க, பொருத்துவதற்கு வால்வு இல்லையென்றால் அறுவை மருத்துவரின் கைத்திறனால் என்ன பயன்? செயற்கை வால்வை மனித உடலில் முதன்முதலாக 1952இல் வைத்த சார்ல்ஸ் ஹஃப்னாகலிடமே பயின்றவர் இவர் என்பதால், அதை இங்கேயே செய்துவிடலாம் என்ற துணிவு அவருக்கு வந்ததில் வியப்பில்லை.

திருவனந்தபுரம் பூசப்புரையில் உள்ள சாட்டல்மண்ட் அரண்மனையில் அதற்கான பணி நடந்தது. இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் நான்கு கோடியை நெருங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வுக்குள் கதவு போல இருக்கும் வட்டமான சிறு வில்லை ஒருமுறை சாய்ந்து திறந்து, பின் மூட வேண்டும். தேயவும் கூடாது, உடையவும் கூடாது, அதன்மேல் இரத்தம் உறையவும் கூடாது. முதல் மூன்று வடிவங்களைக் கைவிட நேர்ந்தது. செயற்கை நீலக்கல்லில் கூட வில்லை செய்து பார்த்தார்கள். இறுதியில் கோபால்ட்–குரோமியக் கலப்பு உலோகத்தில் கூடு, பாலிஎத்திலீனில் வில்லை, தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையம் என்று நான்காவது வடிவம் நிலைபெற்று, ஆடுகளில் சோதித்த பின் 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே நிறுவனம் தயாரிக்கும் அந்த வால்வு இதுவரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயன்பட்டிருக்கிறது. கண்ணாடிப் புட்டியில் இரத்தம் சேகரித்த காலத்தை முடித்துவைத்த இரத்தப் பைக்கான உள்நாட்டுத் தொழில்நுட்பமும் அதே வளாகத்தில் உருவானதுதான்.

உலோக வல்லுநர், பாலிமர் வேதியியலாளர், கால்நடை மருத்துவர், தணிக்கை அதிகாரி ஆகிய நால்வரையும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரே வேலையில் கட்டி நிறுத்தியவருக்குத் துணைவேந்தர் நாற்காலி என்ன புதிதா?

குழித்துறை வாசகி:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் அம்மாவுக்குப் பொருத்தியிருப்பது அந்த வால்வுதான் என்பதால் எழுதுகிறேன். அவருக்குப் பன்னிரண்டு வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பிறகு முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என்று வீக்கம் இடம் மாறி மாறி வந்திருக்கிறது. பார்த்த மருத்துவர், வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அது இதய வால்வைக் கெடுக்கக்கூடிய வாதக் காய்ச்சல் என்று தெரிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டிருந்தால், முப்பது வயதில் நெஞ்சைத் திறக்க வேண்டி வந்திருக்காது. இன்றும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அதன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி இரத்தப் பரிசோதனை, கீரையைக் கூட ஒரே அளவில் உண்பது என்று அவருடைய வாழ்க்கையே கணக்கில்தான் ஓடுகிறது. மின்சாரம் போய் விசிறி நின்ற இரவுகளில் அவர் அருகே படுத்தால், சிறிய கைக்கடிகாரம் ஓடுவது போன்ற ஒலி நன்றாகக் கேட்கும்.

வால்வு கெட்ட பிறகு மாற்றுவது ஒரு வேலை. கெடாமல் காக்கும் மருத்துவரையும் செவிலியரையும் உருவாக்குவது மற்றொரு வேலை. இரண்டாவது வேலை வகுப்பறையில்தான் நடக்கும் என்பதை உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள்.

மணவாளக்குறிச்சிக்காரன்:

எல்லோரும் வால்வையே பேசுகிறீர்கள். நம் கடற்கரை மணலோடு தொடர்புடைய அவருடைய ஆய்வை ஒருவரும் சொல்லவில்லையே. கேரளத்தில் ஏழைச் சிறுவர்களையும் இளைஞர்களையும் தாக்கிய, இதயத்தின் உள்சுவர் தழும்பேறி இறுகிப்போகும் நோயொன்று உண்டு. நம் கடற்கரையில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிம மணலில் உள்ள சீரியம் என்ற உலோகம், அம்மண்ணில் விளைந்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வழியாக உடலில் சேர்வதும், ஊட்டக்குறைவால் மக்னீசியம் குறைவதும் கூடி இதயத்தைக் கெடுக்கின்றனவோ என்று அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். அது முடிந்த முடிபாகவில்லை; மக்களின் வாழ்நிலை உயர்ந்தபோது நோயே அருகிவிட்டது. ஆனாலும் அறுவை அரங்கில் நின்றுகொண்டு, இந்த நோயாளி எந்த மண்ணில் விளைந்ததை உண்டான் என்று கேட்ட மனிதர் அவர் என்பதால் எனக்கு மதிப்பு உண்டு.

பிற்காலத்தில் ஆயுர்வேதத்தின் பக்கம் போனதுதான் எனக்கு உடன்பாடில்லை. அவர் பெயரைச் சொல்லியே சிலர் எதையும் விற்றுவிடுகிறார்கள்.

பாறசாலை விரிவுரையாளர்:

விற்பவர்களைப் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது, அண்ணன். ஆனால் அவர் செய்தது வேறு. ஆயுர்வேத அறிஞர் இராகவன் திருமுல்பாடிடம் மாணவராக அமர்ந்து பாடம் கேட்டு, ஆயுர்வேதத்தின் பழைய நூலாசிரியர்களான சரகர், சுசுருதர், வாக்படர் மூவரைப் பற்றியும் தனித்தனி நூல் எழுதினார். கூடவே, அந்த மருந்துகளை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும் என்று அறிவியலாளர்களை இழுத்துவந்தார். அந்த முயற்சியில் நெல்லிக்காயில் செய்யும் 'இரசாயனம்' என்ற ஆயுர்வேத மருந்தைப் பழ ஈக்களுக்குக் கொடுத்துக் கூடப் பார்த்தார்கள். சோதிக்கச் சொன்னவரை நம்பச் சொன்னவராக்கிவிடக் கூடாது.

களியக்காவிளை ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. மணலையும் மரச்சீனியையும் சேர்த்தபோது இடம் போதாமல் விருதுப் பட்டியலை எடுத்துவிட்டோம்; 2005இல் பெற்ற பத்ம விபூஷண் மட்டும் ஒரு வரியில் இருக்கிறது. குழித்துறைச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தாயாருக்குச் சிரமமில்லையென்றால், ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வந்து பிள்ளைகளிடம் பேசுவாரா?

குழித்துறை வாசகி:

வருகிறேன் என்கிறார், சார். அவர் பேசும் நேரத்தில் வகுப்பறை விசிறியை மட்டும் சற்று நிறுத்திவையுங்கள்.