மறுமொழி: நுனி இலக்கத்தை ஒடித்தாலும் பகாத எண்ணுக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

> 'வலப்புறம் துண்டிக்கத்தக்க பகா எண்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. துண்டிக்கலாம் என்கிறீர்கள், உடனே பகாது என்கிறீர்கள். திருகோணமலையில் என்னிடம் கணிதம் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தத் தொடரைச் சொன்னேன். "எண்ணைத் துண்டிப்பதா, இலக்கத்தைத் துண்டிப்பதா?" என்று ஒருத்தி கேட்டாள். இலக்கத்தைத்தான். பெயரிலேயே அது தெரிய வேண்டாமா?

புதிதாக வந்தவர்களுக்காக: 73939133 ஒரு பகா எண். கடைசி 3ஐ எடுத்தால் 7393913, அதுவும் பகா எண். அப்படியே 739391, 73939, 7393, 739, 73, 7 வரை எங்கே நிறுத்தினாலும் பகா எண்தான். பதின்ம முறையில் இத்தகைய எண்கள் மொத்தம் 83. அவற்றில் பெரியது இதுவே. இதன் வாலில் இன்னோர் இலக்கம் ஒட்டிப் பாருங்கள். இரட்டைப்படை இலக்கமும் 5ம் உதவா. 1 அல்லது 7 ஒட்டினால் 3ஆல் வகுபடும். மீதமுள்ள 3, 9 ஒட்டினாலும் பகு எண்ணே கிடைக்கிறது. (ஏழு கோடியே முப்பத்தொன்பது இலட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. வாய்விட்டுப் படித்தால் பாட்டுப் போல இருக்கிறது. மில்லியனில் படித்தால் அந்தச் சுகம் இல்லை.)

> 'நுனிமுறி' எப்படி?

'நுனி' எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் மாவட்டத்துக் கந்தளாயில் சீனித் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அப்பா கரும்பு கொண்டுவருவார்; அடிக்கரும்புக்குத்தான் எங்களுக்குள் அடிபிடி. எண்ணுக்கும் அடி, நுனி உண்டு என்பது வலம், இடம் என்பதைவிடச் சட்டென்று மனதில் பதியும். ஆனால் 'முறி' இலங்கையில் ஆகாது. திறைசேரி முறி என்று செய்தித்தாளில் படித்துப் படித்து, நுனிமுறி என்றதும் ஏதோ கடன்பத்திரம் என்றே நினைப்பார்கள். 'தறி' என்றால் நெசவு நினைவுக்கு வரும்.

ஆகவே 'நுனியொடி எண்' என்று முன்மொழிகிறேன். கரும்பை ஒடிப்பது போலத்தான் இதுவும்.

> பகா எண்ணா, முதன்மை எண்ணா?

எங்கள் பாடநூல்களில் முதன்மை எண். தனியே பார்த்தால் 'பகா' தான் நல்ல சொல் என்று நான் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்வேன்; சொல்லே வரைவிலக்கணம். ஆனால் 'ஒடி'க்குப் பக்கத்தில் 'பகா' வந்தால் தொடக்கத்தில் சொன்ன அதே குழப்பம். இந்த ஓரிடத்தில் மட்டும் 'நுனியொடி முதன்மை எண்' என்று எங்கள் பக்கம் சாய்ந்துவிடுங்கள்.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. இடப்பக்கத்திலிருந்து இலக்கங்களை எடுத்தாலும் பகாதவை, பூச்சியம் என்ற இலக்கமே இல்லாதவற்றை மட்டும் எண்ணினால், 4260 இருக்கின்றன. பெரியது 357686312646216567629137, 24 இலக்கங்கள். இவற்றை 'அடியொடி' என்றால் காதில் 'அடியோடு' என்றே விழுகிறது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள். சனிக்கிழமை வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன்.