கொலராடோவில் மான், எல்க் வேட்டைக்குப் புதுசா? எந்தத் தோட்டா வாங்கலாம்

கேள்வி:
டென்வர் பக்கம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. கிரீன் கார்டு இருக்கு, ஹண்டர் எஜுகேஷன் வகுப்பும் முடிச்சாச்சு. மியூல் டீர் (ஒரு வகை மான்) ஒண்ணு, பெண் எல்க் (அதைவிடப் பெரிய மான் இனம்) ஒண்ணுன்னு ரெண்டு டேக், அதாவது வேட்டை அனுமதி, குலுக்கல்ல வந்திருக்கு. துப்பாக்கி .30-06 ரகத் தோட்டா சுடுறது. கடைக்குப் போனா அதே .30-06-க்கு ஒரு அலமாரி முழுக்கப் பெட்டி. விலை ஒண்ணுக்கொண்ணு ரெண்டு மடங்கு வித்தியாசம். ரெண்டு மிருகத்துக்கும் தனித்தனியா வாங்கணுமா, ஒண்ணே போதுமா?

பதில் 1:
ஒண்ணே போதும். எல்க்குக்குத் தாங்குற குண்டா எடுத்தா மானுக்கும் அது சரியா வேலை செய்யும். மானுக்குன்னு எடுத்த மெல்லிசான குண்டு எல்க்கோட தோள் எலும்புல பட்டா என்ன ஆகும்னு சொல்ல முடியாது.

முதல்ல குழல்ல பொறிச்சிருக்கிறதைப் படிங்க. ".30-06 ஸ்பிரிங்ஃபீல்டு"ன்னு இருந்தா பெட்டியிலயும், ஒவ்வொரு தோட்டாவோட பின்தட்டுலயும் அதுவே இருக்கணும். .308 வின்செஸ்டர், .300 வின்செஸ்டர் மேக்னம் எல்லாத்துக்கும் குண்டோட விட்டம் 0.308 அங்குலம்தான், ஆனா மருந்து அடைச்ச பித்தளைக் கூடு வேற. .308 தோட்டா .30-06 துப்பாக்கிக்குள்ள போய் உட்காரும், சுட்டாலும் வெடிக்கும். கூடு கிழிஞ்சு சூடான வாயு முகத்துக்கு வர வாய்ப்பிருக்கு. சுடும் பயிற்சி ரேஞ்சுல பக்கத்து மேஜைக்காரர் தோட்டா உங்க பெட்டிக்குள்ள கலக்கறது இப்படித்தான் ஆபத்தா முடியும்.

அடுத்தது சட்டம். கொலராடோவுல மான், எல்க் ரெண்டுக்கும் ரைஃபிள் குறைஞ்சது .24 காலிபர் (குழல் விட்டம், அங்குலத்துல) இருக்கணும். குண்டு விரியுற ரகமா இருக்கணும். குண்டோட எடை மானுக்குக் குறைஞ்சது 70 கிரெயின் (7,000 கிரெயின் சேர்ந்தா ஒரு பவுண்டு), எல்க்குக்கு 85. தயாரிப்பாளர் கணக்குப்படி 100 கஜத்துல 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேணும். .30-06 இதையெல்லாம் சுலபமா தாண்டிடும். 'விரியுற குண்டு'ங்கிற விதியிலதான் புதுசா வர்றவங்க மாட்டுவாங்க. ரேஞ்சுக்குன்னு விக்கிற ஃபுல் மெட்டல் ஜாக்கெட் (முழுக்க உலோக உறை மூடின குண்டு) விரியாது. விலை மலிவா இருக்குன்னு அதைக் காட்டுக்கு எடுத்துப் போனா சட்டமீறல், மிருகத்துக்கும் சித்திரவதை. ஊசி மாதிரி உள்ள போய் வெளிய வந்துடும், மிருகம் மைல் கணக்கா ஓடும்.

இப்ப குண்டு.  .30-06-க்கு 150, 165, 180 கிரெயின் மூணும் எங்கயும் கிடைக்கும். "180 இல்லாம எல்க் விழாது"ன்னு கடைக்காரர் சொன்னா தலையாட்டிட்டு நகர்ந்துடுங்க. எடையை விட, குண்டு உள்ளுக்குள்ள எப்படிக் கட்டப்பட்டிருக்குங்கிறதுதான் பெரிய விஷயம்.

ரெமிங்டன் கோர்-லாக்ட், வின்செஸ்டர் பவர்-பாயிண்ட், ஃபெடரல் பவர்-ஷாக் எல்லாம் பழைய பாணி. செம்பு உறைக்குள்ள ஈயம், அவ்வளவுதான். மானோட விலா எலும்பைத் தாண்டி நுரையீரலுக்குள்ள காளான் மாதிரி விரியும், அங்கேயே வேலை முடிஞ்சிடும். மலிவு, நம்பகமானது. சிக்கல் எல்க்குல வரும். 60, 70 கஜத்துல குண்டு விநாடிக்கு 2,500 அடிக்கு மேல வேகத்துல போகுது. அது தோள் மூட்டுல மோதினா உறையும் ஈயமும் பிரிஞ்சு சிதறலாம். வெளிய பெரிய காயம் தெரியும், நுரையீரல் வரைக்கும் எதுவும் போயிருக்காது.

அதுக்காக வந்ததுதான் 'பாண்டட்' குண்டு. உறையோட ஈயத்தை ஒட்ட வச்சிருப்பாங்க, பிரியாது. நாஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் ஃப்யூஷன் ரெண்டும் இந்த ரகம். ஃப்யூஷன் விலையிலயும் கையைக் கடிக்காது. நாஸ்லர் பார்ட்டிஷன் இன்னொரு வழியில போகுது. குண்டுக்கு நடுவுல ஒரு செம்புச் சுவர் இருக்கும். முன்பாதி விரிஞ்சு சிதறினாலும் பின்பாதி அப்படியே ஆழமா போகும். 1940-கள்ல ஜான் நாஸ்லர் மூஸ் (எல்க்கை விடப் பெரிய மான் இனம்) வேட்டையில குண்டு உடைஞ்சு ஏமாந்ததால உருவாக்கினது, இன்னும் எல்க் முகாம்கள்ல ஓடிட்டிருக்கு.

மூணாவது ரகம் முழுக்கச் செம்பு. பார்ன்ஸ் டி.டி.எஸ்.எக்ஸ்., ஹார்னடி சி.எக்ஸ்., ஃபெடரல் டிராஃபி காப்பர். ஈயமே கிடையாது. நுனி நாலு இதழா பிரியும், எடை கிட்டத்தட்ட முழுசா அப்படியே இருக்கும், ஆழமா போகும். ஆனா ரெண்டு விஷயம். செம்பு ஈயத்தை விட லேசு, அதனால அதே எடைக்குக் குண்டு நீளமாயிடும். ஈயத்துல 180 வாங்குறவங்க செம்புல 150 அல்லது 165 எடுத்தா போதும். இன்னொண்ணு, செம்பு விரியறதுக்கு வேகம் வேணும். விநாடிக்கு 1,800-லிருந்து 2,000 அடிக்குக் கீழ போனா இதழ் சரியா திறக்காது. தயாரிப்பாளர் பக்கத்துல ஒவ்வொரு குண்டுக்கும் இந்தக் குறைஞ்சபட்ச வேகம் போட்டிருப்பாங்க, அதைப் பெட்டியில இருக்கிற தூர-வேக அட்டவணையோட ஒப்பிட்டுப் பாருங்க. .30-06-ல 300 கஜத்துக்குள்ள கவலை இல்லை. குட்டைக் குழல் .308 வச்சிருக்கிறவங்க கணக்குப் பார்க்கணும்.

உங்களுக்கு நான் சொல்றது: 165 கிரெயின் பாண்டட், இல்லேன்னா 150 அல்லது 165 செம்பு. ரெண்டுமே மான், எல்க் ரெண்டையும் கவர் பண்ணும். 180-ஐ விட உதைப்பு கொஞ்சம் குறைவு. உதைப்புக்குப் பயந்து விசையை இழுக்கும்போது கண்ணை மூடுறவங்களுக்கு எந்தக் குண்டும் உதவாது.

பதில் 2:
ஒண்ணு விட்டுப்போச்சு. 'மேட்ச்'னு எழுதின பெட்டியைத் தொடாதீங்க. சியரா மேட்ச்கிங் மாதிரி குண்டு காகித இலக்குக்குன்னே செஞ்சது, வேட்டைக்கு வேண்டாம்னு அந்தக் கம்பெனியே சொல்லுது. ஹார்னடியில ஈ.எல்.டி. மேட்ச், ஈ.எல்.டி.-எக்ஸ்.னு ரெண்டு பெட்டி அடுத்தடுத்து இருக்கும். எக்ஸ்தான் வேட்டைக்கு, அதுவும் கிட்டத்துல எல்க் தோளுக்கு என் முதல் தேர்வு இல்லை.

இதைப் படிக்கிற எச்-1பி, எஃப்-1 ஆட்களுக்கு: கேள்வி கேட்டவருக்கு கிரீன் கார்டு இருக்கு, உங்களுக்கு இல்லை. தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுங்கிறது ஃபெடரல் சட்டம். நண்பரோடதை இரவல் வாங்கிச் சுட்டாலும் அது 'வச்சிருக்கிறது'தான். செல்லுபடியான மாநில வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா விலக்கு உண்டு. அந்த லைசென்ஸ் காலாவதியான அன்னைக்கே விலக்கும் போச்சு. கடையில துப்பாக்கி வாங்கும்போது நிரப்புற 4473 படிவத்துல இதைத் தெளிவா கேட்பாங்க, பொய் எழுதினா குற்றம். துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்கே காரணமாகும். ஒரு வார இறுதிக்காக இவ்வளவு வருஷ விசா உழைப்பை அடமானம் வைக்காதீங்க. சந்தேகம்னா முதல்ல இமிக்ரேஷன் வக்கீல், அப்புறம் கடை.

கேள்வி:
ரொம்ப நன்றி அண்ணா. வீட்டுல மூணு வயசுக் குழந்தை இருக்கு. ஈயக் குண்டு பட்ட கறியைக் கொடுக்கலாமா?

பதில் 1:
அப்படின்னா செம்பே வாங்குங்க தம்பி, யோசிக்கவே வேண்டாம். ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்கு காயத்தைச் சுத்திப் பல அங்குலம் பரவும். 2008-ல நார்த் டகோட்டாவுல ஏழைகளுக்குத் தானமா வந்த மான் கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தப்பவே ஈயத்துணுக்கு தெரிஞ்சுது. கொத்துக்கறியில ஆபத்து கூடுதல். ஒரு துண்டுல இருக்கிற துணுக்கு அரைக்கும்போது மொத்தத்துலயும் கலந்துடும். குழந்தை, கர்ப்பிணி இருக்கிற வீட்டுல இதுல விளையாட வேண்டாம். ஈயக் குண்டுதான்னா ரத்தம் கட்டின கறியை மட்டுமில்ல, அதைச் சுத்தியும் தாராளமா வெட்டிப் போட்டுடுங்க. கறி வெட்டுற கடையில கொடுத்தா உங்க மிருகத்தைத் தனியா அரைக்கச் சொல்லுங்க.

கலிஃபோர்னியாவுக்கு வேட்டைக்குப் போறதா இருந்தா இது விருப்பமே இல்லை. அங்க 2019 ஜூலை 1-லிருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது.

பதில் 3:
எதை வாங்கினாலும் ரேஞ்சுல சுட்டுப் பார்க்காம மலையேறாதீங்க. ஒரே துப்பாக்கிக்கு ஒரு பிராண்டு பிடிக்கும், இன்னொண்ணு பிடிக்காது. ரெண்டு ரகத்துல ஒவ்வொரு பெட்டி வாங்கிப் பாருங்க. 100 கஜத்துல மூணு மூணா சுடுங்க, நடுநடுவுல குழல் ஆறட்டும். மூணு ஓட்டையும் ஒன்றரை அங்குலத்துக்குள்ள விழுந்தா தாராளமா போதும். பிடிச்சது தெரிஞ்சதும் அதே ரகத்துல இன்னும் ரெண்டு மூணு பெட்டி, முடிஞ்சா அதே லாட் எண் (ஒரே தொகுதியில தயாரானதைக் காட்டுற எண்). எண் பெட்டி மடிப்புல அச்சடிச்சிருக்கும். 2025 ஏப்ரலுக்கு அப்புறம் கொலராடோவுல தோட்டாவுக்கு 6.5 சதவீதத் தனி வரியும் இருக்கு, விலை கணக்குப் போடும்போது பில்லைப் பார்த்து மிரளாதீங்க.

உறை போட்ட ஈயக் குண்டுலருந்து முழுச் செம்புக்கு மாறினா நடுவுல குழலைச் செம்புக் கரைப்பான் போட்டுத் துடைங்க. இல்லேன்னா குறி பரவும், குண்டு மேல பழி போடுவீங்க. பயிற்சிக்கு மலிவான தோட்டா சுடலாம், ஆனா ஸ்கோப்பை வேட்டைத் தோட்டாவுக்குத்தான் செட் பண்ணணும். ரெண்டும் ஒரே இடத்துல விழாது.

முதல்ல 25 கஜத்துல காகிதத்துல பட வைங்க, அப்புறம் 100-க்குப் போங்க. 100 கஜத்துல குறிக்கு ரெண்டு அங்குலம் மேல பட்டா, 165 கிரெயின் .30-06 ஏறக்குறைய 200 கஜத்துல நேரா படும், 300-ல எட்டு அங்குலம் கீழ இறங்கும். ஸ்கோப்புல ஒரு கிளிக் பெரும்பாலும் 100 கஜத்துல கால் அங்குலம். அப்ப ரெண்டு அங்குலத்துக்கு எட்டு கிளிக்.

மேஜையில சாஞ்சு சுட்டதோட நிறுத்தாதீங்க. ஒன்பது அங்குலப் பேப்பர் தட்டு ஒண்ணை மாட்டிட்டு, முட்டி போட்டு, உட்கார்ந்து சுடுங்க. அஞ்சுக்கு அஞ்சும் தட்டுல படுற தூரம்தான் உங்க எல்லை. புதுசா கத்துக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் அது 200 கஜத்தைத் தாண்டாது. துப்பாக்கி 400 போகும்கிறது வேற கதை.

சுட வேண்டிய இடம்: பக்கவாட்டுல நிக்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால, உடம்போட உயரத்துல கீழேருந்து மூணுல ஒரு பங்கு. மார்பு நேரா உங்களைப் பார்த்து நின்னா காத்திருங்க, திரும்பும். பட்டதும் ஓடிப் போய்ப் பார்க்காதீங்க, நின்ன இடத்தைக் குறிச்சுக்கங்க. அங்க ரத்தம் இளஞ்சிவப்பா நுரையோட இருந்தா நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துத் தேடுங்க. கருஞ்சிவப்புன்னா கல்லீரல், சில மணி நேரம். பச்சையா, செரிக்காத புல்லோட இருந்தா வயிறு, ஆறு மணி நேரமாவது விட்டுட்டுப் போங்க. சீக்கிரம் துரத்தினா படுத்திருந்தது எழுந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிடும்.

பதில் 2:
கடைசியா ஒண்ணு, வேட்டைப் பையைப் பத்தி. சீசன் முடிஞ்சதும் அதே பையை ஊருக்குப் போக எடுக்காதீங்க. மூலையில தங்கின ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய எக்ஸ்ரேல தெரிஞ்சா ஆயுதச் சட்டத்துல வழக்கு வரும், "மறந்துட்டேன்"னு சொல்லி விமானம் பிடிக்க முடியாது. சிங்கப்பூர் வழியா போறவங்களுக்கு அங்கேயே பிரச்சினை. சுட்டு முடிச்ச வெறும் கூடும் தொல்லைதான். ஜாக்கெட் பாக்கெட், பைனாகுலர் உறை, குழந்தையோட ஸ்ட்ரோலர் பை, எல்லாத்தையும் தலைகீழா கவுத்துப் பாருங்க.