15 கிராம் ஸ்ட்ரைக்கரும் 23 கிலோ பெட்டிகளும்: பிள்ளைகளுடன் வெளிநாடு செல்வோருக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு நாங்கள் குடிபெயர்ந்தபோது மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8 வயது. விசா, வாடகை வீடு, வேலை ஆகியவற்றைப் பற்றி விளக்கமாக அறிவுரை சொல்லப் பலர் இருந்தார்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் மட்டும், "சின்னப் பிள்ளைகள்தானே, ஆறு மாதத்தில் பழகிவிடுவார்கள்" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்தப் பதிலை நம்பியதால் நாங்கள் செய்த பிழைகளை, இப்போது வடசென்னையிலிருந்து புறப்படக் காத்திருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதல் பிழை ஊரிலேயே நடந்தது. புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னோம். அந்த மூன்று வாரங்களும் பெரம்பூரிலும் திருவொற்றியூரிலும் உள்ள உறவினர் வீடுகளுக்குச் சென்று விடைபெறுவதிலும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிமணி வாங்குவதிலும் கழிந்தன. பெரியவர்கள் பெரியவர்களிடம் விடைபெற்றோமே தவிர, பிள்ளைகளை அவர்களுடைய நண்பர்களிடம் விடைபெற அழைத்துச் செல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகனுடைய உலகம் எங்கள் தெருமுனையில் போட்டிருந்த கேரம் போர்டைச் சுற்றியே இருந்தது. 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, எங்களுக்கு அடுத்த பேட்டையான புதுவண்ணாரப்பேட்டைப் பெண் என்பதைச் சொன்னால், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு எவ்வளவு முக்கியம் என்று புரியும். போர்டைக் கொண்டுபோக முடியாது என்பதை அவனும் ஏற்றுக்கொண்டான். ஆனால் 23 கிலோ பெட்டிகளை மாற்றி மாற்றி எடை பார்த்த நாங்கள், 15 கிராமுக்கு மேல் எடை போகாத அவனுடைய ஸ்ட்ரைக்கரை மேசையிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறினோம். அதற்காக அவன் அழவில்லை. அழாததை நான் பக்குவம் என்று எண்ணிக்கொண்டேன். உங்கள் பிள்ளை எதைத் தன் கையாலேயே எடுத்து வைக்க விரும்புகிறது என்று கேளுங்கள், அது உங்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்தாலும் அதற்கு இடம் விடுங்கள். முடிந்தால் ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்தவுடனே பயணத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளி செப்டம்பரில்தான் தொடங்குகிறது என்பதால், தங்கள் தெருவிலேயே ஒரு கோடை விடுமுறையைக் கழித்து, சொல்லிக்கொண்டு வருவதற்குப் பிள்ளைகளுக்குக் காலம் கிடைக்கும்.

மதிப்பெண் சான்றிதழையும் டி.சி.யையும் மறக்கமாட்டீர்கள். தடுப்பூசி அட்டையையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்டாரியோ பள்ளிகளுக்கு அது தேவைப்படும். நம் அரசு அட்டவணையில் இல்லாத சின்னம்மைத் தடுப்பூசியை அங்கே கேட்பார்கள்.

பள்ளியில் சேர்ந்த பிறகு, ஏறக்குறைய நான்கு மாதங்கள் மகன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. சென்னையில் அவன் ஆங்கில வழியில் படித்தவன்தான். ஆனாலும் பாடப்புத்தக ஆங்கிலம் வேறு, விளையாட்டுத் திடலில் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசும் ஆங்கிலம் வேறு. அந்த நாட்களில், வீட்டிலும் ஆங்கிலமே பேசினால் சீக்கிரம் தேறிவிடுவான் என்று அறிந்தவர் ஒருவர் சொல்ல, நானும் சில வாரங்கள் அப்படிச் செய்தேன். வெளியே பேசாத பிள்ளை வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டான் என்பதுதான் கண்ட பலன். புதிய மொழிக்குள் நுழையும் பிள்ளைகள் பலர் முதலில் ஒரு மௌன காலத்தைக் கடக்கிறார்கள் என்பதையும், அந்தக் காலத்தில் அவர்கள் கேட்டுக் கேட்டு உள்வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதையும் பின்னால்தான் படித்து அறிந்தேன். டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ், குடிபெயர்ந்த பிள்ளைகளை ஆராய்ந்து, அன்றாடப் பேச்சு ஏறக்குறைய 2 ஆண்டுகளில் கைவந்துவிடும் என்றும், பாடங்களுக்கு வேண்டிய மொழித்திறனில் மற்ற பிள்ளைகளை எட்டுவதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம் என்றும் 1980களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். தாய்மொழியில் பெற்ற அறிவு இரண்டாம் மொழிக்கு அடித்தளமாகிறது என்பதும் அவருடைய முடிவு. ஆறு மாதம் என்று கெடு வைத்த எங்களுக்கு இந்தக் கணக்கைப் படித்தபோதுதான் மனம் அடங்கியது. வீட்டில் தமிழுக்குத் திரும்பினோம்; அன்று பள்ளியில் அவமானமாக உணர்ந்த ஒன்றை அவன் எங்களிடம் தமிழில்தான் சொன்னான்.

அந்த அவமானம் மிகச் சிறியது. பனிக்காலத்திலும் இடைவேளையில் பிள்ளைகளை வெளியே அனுப்புவார்கள். ஸ்னோ பேண்ட், பூட்ஸ், ஜாக்கெட், கையுறை ஆகியவற்றை எந்த வரிசையில் போடுவது என்று தெரியாமல் தினமும் அவனே கடைசியாக வெளியே வந்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டுக் கூடத்தில் அதையே பழகினோம். இதை நீங்கள் அக்டோபரிலேயே செய்துவிடுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. மகள் எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள்; ஒன்டாரியோவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து உயர்நிலைப் பள்ளி. பெரும்பாலும் முகவரியை வைத்தே பள்ளி ஒதுக்கப்படுவதால், இரண்டாவது ஆண்டில் வாடகை குறைவு என்று நாங்கள் வீடு மாறியது, அரும்பாடுபட்டுத் தேடிக்கொண்ட தோழிகளையும் அவளிடமிருந்து பிரித்துவிட்டது. அந்த வயதில் பிள்ளை இருந்தால், கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாவது அதே பள்ளி எல்லைக்குள் இருங்கள்.

ஊருடன் பேசும் நேரத்தையும் முறைப்படுத்திக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், இங்கே காலை 7.30 என்றால் தண்டையார்பேட்டையில் மாலை 6 மணி, தெருமுனையில் ஆட்டம் தொடங்கும் நேரம். பழைய நண்பர்களுடன் பேசிக்கொண்டிருந்தால் புதிய நண்பர்கள் வரமாட்டார்கள் என்று அஞ்சி அதைச் சில காலம் நிறுத்தி வைத்ததும் என் பிழைதான். இப்போது வாரம் இரண்டு நாள், ஊரில் இருக்கும் ஆயா (பாட்டி) தன் கைப்பேசியை கேரம் போர்டின் ஓரத்தில் நிறுத்தி வைக்கிறார். மகன் காலை உணவைச் சாப்பிட்டபடியே, எந்தக் காயினை எந்தப் பக்கமாக அடிக்க வேண்டும் என்று இங்கிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.