ஆண்டுக் கடைசியில் கேட்ட கணக்கு: பயிற்சிக்காகக் கேட்டதைச் சேர்ப்பதா, கழிப்பதா?

நாலுகட்டை

பாட்டுச் செயலியான ஸ்பாட்டிஃபை, ஆண்டு முழுக்க நாம் கேட்டதைத் தொகுத்துத் தரும் 'ராப்ட்' வந்ததும் அதிலுள்ள முதல் ஐந்து பாட்டை வைத்து, 'இந்த வருஷம் என் காது இங்கேதான் இருந்தது' என்று இசைக் கலைஞர்களே முடிவு கட்டுகிறார்கள். பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் அந்தப் பட்டியல் உதவாது என்பது என் கட்சி.

நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ அது வந்துவிடுகிறது. ஆண்டின் கடைசி வாரங்கள் அதில் கிடையாது. பாட்டு வரிசைக்கு அது பார்ப்பது எத்தனை தடவை என்பதை. 30 வினாடி ஓடினால் ஒரு தடவை. 40 நிமிட ராகம் தானம் பல்லவியை 6 முறை முழுக்கக் கேட்டால் 240 நிமிடம். மூன்று நிமிடப் பாட்டை 60 முறை கேட்டால் 180 நிமிடம். பட்டியலில் மேலே நிற்பது 60 தான். இதையெல்லாம் விடப் பெரிய கோளாறு, மேடைக்காக ஒரே வாரத்தில் 80 தடவை ஓட்டித் தேய்த்த பாட்டும், விரும்பிக் கேட்ட பாட்டும் ஒரே மூட்டையில் கிடப்பது.

ஆகவே மூலக் கோப்பை, அதாவது ஓட்டிய ஒவ்வொரு தடவையும் ஒரு வரியாகப் பதிவான கோப்பை, வாங்குங்கள். கணக்கின் தனியுரிமைப் பக்கத்தில் இரண்டு விதமான பொதி கேட்கலாம். சீக்கிரம் வருவதில் கடந்த ஓராண்டு மட்டும், அதுவும் முடிந்த நேரம், கலைஞர், பாட்டு, ஓடிய மில்லிசெகண்ட் என்று நாலே தகவல். நமக்கு வேண்டியது 'எக்ஸ்டெண்டட் ஸ்ட்ரீமிங் ஹிஸ்டரி'. அதற்குத் தனியாக டிக் போட வேண்டும். மின்னஞ்சலில் வரும் உறுதிப்படுத்தும் இணைப்பையும் அழுத்த வேண்டும், இல்லையென்றால் எத்தனை நாள் காத்திருந்தாலும் எதுவும் வராது. 30 நாள் வரை ஆகலாம். ஜனவரி பிறந்தபின் கேட்டால் டிசம்பரும் சேர்ந்து வரும்.

வந்ததும் 30,000 மில்லிசெகண்டுக்கு, அதாவது 30 வினாடிக்கு, கீழுள்ள வரிகளைத் தூக்கிவிடுங்கள். 'ரீசன் ஸ்டார்ட்' என்ற இடத்தில் 'கிளிக்ரோ' என்றிருப்பவை நீங்களே தொட்டுப் போட்டவை, அவற்றை மட்டும் வையுங்கள். பயிற்சிப் பாட்டுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை நிமிடப்படி அடுக்குங்கள்.

நடைதாளம்

> பயிற்சிப் பாட்டுகளைக் கழித்துவிட்டு

நண்பரே, அடிமடியிலேயே கை வைக்கிறீர்கள். சும்மா கேட்பவருக்குப் பயிற்சிக் கேட்பு கிடையாது, அதனால் கழிக்கவும் ஒன்றும் இல்லை. வாசிப்பவருக்கு அதுதான் முழுக் கவனத்தோடு கேட்ட நேரம். அதைக் கழித்தால் மிஞ்சுவது பாத்திரம் கழுவும்போதும் வண்டி ஓட்டும்போதும் காதில் விழுந்தது.

30 வினாடிக்குக் கீழே உள்ளதைத் தூக்குவது இன்னும் மோசம். ஒரு பாட்டின் முகப்பில் வரும் பேஸ் நடையைக் காதால் எடுப்பவர் என்ன செய்கிறார்? 20 வினாடி கேட்கிறார், பின்பொத்தானை அழுத்துகிறார், மறுபடி 20 வினாடி. ஒவ்வொரு அழுத்தலும் கோப்பில் 'பேக்பட்டன்' என்ற காரணத்தோடு தனி வரி. 25 தடவை என்றால் 500 வினாடி, எட்டு நிமிடத்துக்கு மேல். அந்த ஆண்டின் மிக உன்னிப்பான எட்டு நிமிடம் அதுவாகவே இருக்கும். உங்கள் வடிகட்டியில் அது பூஜ்யம்.

பாட்டின் நடுவே பட்டையை இழுத்து இழுத்துக் கேட்டால் அப்படித் தனி வரி விழாது என்பதும் உண்மை. கோப்பு சொல்வது குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைவையும் ஏன் வெட்ட வேண்டும்?

கோப்புப்புழு

இருவரும் சண்டையைத் தொடருங்கள். அதற்கு முன் நாலுகட்டை சொன்ன 'கிளிக்ரோ' வடிகட்டி தப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன், யாராவது அப்படியே செய்துவிடப் போகிறார்கள். ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து போட்டால் முதல் பாட்டுக்கு மட்டும்தான் 'கிளிக்ரோ'. இரண்டாவதிலிருந்து எல்லாம் 'டிராக்டன்', அதாவது முந்தையது முடிந்ததால் தொடங்கியது. 10 பாட்டு உள்ள ஆல்பத்தை ஒழுங்காக உட்கார்ந்து கேட்டவருக்கு 9 பாட்டு பறிபோகும். துண்டு துண்டாகத் தாவிக் கேட்டவர் தப்பித்துவிடுவார்.

நேர வரிசைப்படி அடுக்கி, அடுத்தடுத்த வரிகளில் ஆல்பம் பெயர் மாறாமல் 'டிராக்டன்' என்று தொடர்ந்தால் அதை ஒரே அமர்வாக எடுத்து, அமர்வின் முதல் வரி எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். அங்கே 'கிளிக்ரோ' இருந்தால் முழு அமர்வும் நீங்கள் கேட்டது. ஆல்பம் முடிந்தபின் செயலி தானாக வேறு எதையோ ஓட்டும் இடத்தில் ஆல்பம் பெயர் மாறிவிடும், அங்கே வெட்டுங்கள்.

வேறு சில இடறல்கள். நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், உங்கள் நேரத்துக்கு மாற்றாமல் 'இரவில் கேட்டவை' என்று பிரித்தால் பகலில் கேட்டது போய் உட்காரும். பாட்டின் பெயர் காலியாக உள்ள வரிகள் பெரும்பாலும் பாட்காஸ்ட். ஒரே பாட்டு தனிப் பாட்டாகவும் ஆல்பத்திலும் தொகுப்பிலும் வெவ்வேறு அடையாள எண்ணோடு இருக்கும்; எண்ணை வைத்துக் கூட்டினால் மூன்றாகச் சிதறும், பெயரையும் கலைஞரையும் சேர்த்துக் கூட்டுங்கள். 'ரீமாஸ்டர்' என்ற வாலை வெட்டலாம். 'லைவ்' என்ற வாலை வெட்டாதீர்கள், அது வேறு வாசிப்பு.

முக்கியமாக ஒன்று: ஒவ்வொரு வரியிலும் நீங்கள் இணைந்திருந்த ஐபி முகவரியும் இருக்கிறது. அழகான வரைபடம் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் தளங்களில் ஏற்றுமுன் அந்த நெடுவரிசையை அழித்துவிடுங்கள்.

நாலுகட்டை

ஆல்பம் விஷயத்தில் கோப்புப்புழு சொல்வது சரி, என் வடிகட்டியை வாபஸ் வாங்குகிறேன்.

நடைதாளத்துக்கு ஒரு கணக்கு. தம்புரா சுருதியைச் செயலியிலேயே ஓட்டிச் சாதகம் செய்பவர் தினம் 2 மணி, வருஷத்தில் 300 நாள் என்று வையுங்கள். 600 மணி, 36,000 நிமிடம். நான் மேலே சொன்ன பல்லவிக்கு 240 நிமிடம். பயிற்சியைக் கழிக்காமல் நிமிடப்படி அடுக்கினால் அவருடைய ஆண்டு முழுக்க ஒரே சுருதி ஒலிதான். மெட்ரோனோம் தடம், பாட்டில்லாத பின்னணித் தடம் எல்லாம் இப்படியே. இதைக் கேட்பு என்பீர்களா?

நடைதாளம்

மாட்டேன். அது கருவி. கருவி வேறு, பாடம் வேறு. இரண்டையும் 'பயிற்சி' என்று ஒரே பெயரில் கட்டித் தூக்கி எறிவதுதான் என் மறுப்பு. சுருதி, மெட்ரோனோம், தூக்கத்துக்கான மழை ஒலி இவற்றைப் பெயரைப் பார்த்துக் கழியுங்கள், பத்து நிமிட வேலை. அடுத்த ஆண்டிலிருந்து சுருதியைச் செயலியில் ஓட்டவே வேண்டாம், போனில் ஒரு ஒலிக்கோப்பாக வைத்துக்கொண்டால் போதும். பரிந்துரைகளும் கெடாது. சுருதியை ஒரு பிளேலிஸ்ட்டில் போட்டு, ரசனைக் கணக்கில் சேராதபடி விலக்கும் வசதியும் உண்டு. ஆனால் அது இனி வரும் பரிந்துரைக்குத்தான். மூலக் கோப்பில் அந்த வரிகள் விழத்தான் செய்யும்.

ஒரு தனி வாசிப்பை நூறு தடவை கேட்டுச் சுரம் எழுதுவது கருவியா? அது பாடம். அதைக் கழிக்க விடமாட்டேன்.

சீவாளி

இருவரும் எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். பெயர் சரியா என்று யாரும் கேட்கவில்லை. கோப்பில் இருப்பது ஆல்பத்தின் கலைஞர் பெயர் ஒன்றுதான். திரைப்பாட்டில் அது இசையமைப்பாளராக இருக்கலாம், பாடியவர் காணாமல் போவார். தொகுப்பு என்றால் 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்'. பக்கவாத்தியக்காரர் எங்கேயும் இல்லை. ஒரே டிரம்மரை ஐந்து பேரின் ஆல்பங்களில் தேடித் தேடிக் கேட்டவருக்குப் பட்டியலில் ஐந்து பெயர் வரும், தேடிய பெயர் மட்டும் வராது. நிமிடம் வாரியாக முதல் 50 தடங்களை எடுத்து, மியூசிக்பிரெய்ன்ஸ், டிஸ்காக்ஸ் போன்ற இசைத் தகவல் தளங்களில் யார் என்ன வாசித்தார் என்று பார்த்து, கையால் ஒரு நெடுவரிசை சேருங்கள். ஒரு சாயங்கால வேலை. கிடைக்கும் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று, எப்படிக் கேட்டீர்கள் என்பது. ஒலியளவைச் சமன்செய்யும் வசதி இயங்கினால் ஸ்பாட்டிஃபை ஏறக்குறைய மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் ஆல்பம் முழுவதற்கும் ஒரே அளவு ஏற்ற இறக்கம், மெல்லிய பாட்டு மெல்லியதாகவே நிற்கும். வரிசையைக் கலைத்து ஓட்டும் ஷஃபிளில் போட்டால் ஒவ்வொரு தடமும் தனித்தனியாகச் சமமாகும். கோப்பில் 'ஷஃபிள்' என்ற நெடுவரிசை இருக்கிறது. ஆண்டின் பாதி வரிகளில் அது 'ட்ரூ' (ஆம்) என்றிருந்தால், பாட்டுக்குப் பாட்டு உள்ள ஒலி வேறுபாட்டைக் காது பாதி நேரம் கேட்கவே இல்லை. மிக்ஸ் செய்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

நாலுகட்டை

சீவாளி சொன்ன இரண்டும் அருமை. நடைதாளத்தின் 'கருவி வேறு, பாடம் வேறு' என்பதையும் ஏற்கிறேன். ஆனால் பாடத்தையும் விருப்பத்தையும் பிரித்தே ஆக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. பயிற்சி நேரத்தில் கேட்பதை மறைத்து வைக்கும் பிரைவேட் செஷனைப் போட்டுவிட்டால் தானாகப் பிரிந்துவிடாதா?

கோப்புப்புழு

பாதிதான் பிரியும். பிரைவேட் செஷனில் கேட்டதும் மூலக் கோப்பில் வரும், 'இன்காக்னிடோ மோட்' என்ற இடத்தில் 'ட்ரூ' என்று குறித்திருக்கும். அதை ஒரு அடையாளச் சீட்டு மாதிரி பயன்படுத்தலாம். கோளாறு என்னவென்றால், அந்த நிலை நிரந்தரமில்லை, தானாக அணைந்துவிடும். மறந்த நாளெல்லாம் கலந்துவிடும். தனி பிளேலிஸ்ட் வைத்தும் பயனில்லை, எந்தப் பிளேலிஸ்ட்டிலிருந்து ஓடியது என்பது கோப்பில் இல்லை.

எந்தச் சாதனத்தில் ஓடியது என்று காட்டும் 'பிளாட்ஃபார்ம்' நெடுவரிசைதான் நம்பகமானது. பயிற்சிக்குக் கணினி, மற்றதுக்குப் போன் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக் கடைசியில் ஒரே வடிகட்டியில் பிரிந்துவிடும். முடிந்த ஆண்டுக்கு இது இல்லையென்றால், ஒரே நாளில் ஒரே பாட்டு 5 தடவைக்கு மேல் வந்த வரிகளைப் பாடம் என்று குறியுங்கள். சில தவறும், கண்ணால் ஒருமுறை பார்த்துத் திருத்துங்கள்.

சீவாளி

கேட்ட பாட்டுகளைப் பதிந்துவைக்கும் தளமான லாஸ்ட்.எஃப்.எம்மில் பதிவு வைத்திருப்பவர்கள் இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அங்கே 30 வினாடிக்கு மேற்பட்ட தடமாக இருக்க வேண்டும். பாதியாவது, அல்லது 4 நிமிடமாவது, எது முந்தியோ அது ஓடியிருக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டை 80 வினாடியில் நிறுத்தினால் ஸ்பாட்டிஃபையில் ஒன்று, அங்கே பூஜ்யம். 40 நிமிடப் பல்லவியில் 4 நிமிடம் கேட்டால் முழுக்கக் கேட்டதற்குச் சமம்.

சொந்தப் பாட்டை வெளியிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. முந்தைய 12 மாதத்தில் ஒரு தடம் 1,000 தடவை ஓடியிருந்தால்தான் ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவுக்கான பங்கு தரும் என்ற விதி 2024 முதல் இருக்கிறது. அதை எட்ட ராத்திரி முழுக்கச் சொந்தப் பாட்டைச் சுழலவிட்டால் செயற்கை ஓட்டமாகக் கருதி வெளியீட்டாளர் மூலம் பாட்டையே எடுத்துவிடக்கூடும். இறுதிப் பதிவான மாஸ்டரைச் சரிபார்க்கச் செயலியில் ஓட்டாமல் வேவ் ஒலிக்கோப்பில் கேளுங்கள். ஆண்டுக் கணக்கிலிருந்து சொந்தத் தடங்களை முதல் வேலையாக நீக்குங்கள்.

நடைதாளம்

நாலுகட்டைக்கு ஒரு மாற்று வழி. தடவையும் வேண்டாம், நிமிடமும் வேண்டாம். ஒரு பாட்டு ஆண்டின் 52 வாரத்தில் எத்தனை தனி வாரங்களில் வந்தது என்று எண்ணுங்கள். ஒரே வாரத்தில் 80 தடவை ஓட்டியது 1 என்று சுருங்கும். மாதம் ஒருமுறை திரும்பிப் போய்க் கேட்ட ஆலாபனை 12 என்று எழுந்து நிற்கும். பாடமா விருப்பமா என்று நாம் அடித்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. எதைக் காது விடவில்லை என்பது தெரிந்துவிடும்.

நாலுகட்டை

இது நல்ல அளவுகோல், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பாடத்துக்கு ஒன்று, விருப்பத்துக்கு ஒன்று என்று இரண்டு ஷீட் வைத்து, இரண்டிலும் தனித்தனியாகப் போடுவேன். பாட ஷீட்டில் 2 வாரம், விருப்ப ஷீட்டில் 15 வாரம் வந்த பாட்டு ஒன்று இருந்தால், பிடித்தும் இன்னும் கற்காத பாட்டு அது. கலந்து 17 என்று போட்டால் அது தெரியாது.

30 வினாடி வரிகள் விஷயத்தில் பாதி வழி வருகிறேன். 'பேக்பட்டன்' வரிகள் இருக்கட்டும். 'ஃபார்வர்ட் பட்டன்' என்று முடிந்தவை கேட்பு இல்லை, அவற்றை நீக்குவேன்.

நடைதாளம்

நீக்காதீர்கள், தனி ஷீட்டில் போடுங்கள். 10 வினாடிக்குள் தள்ளிவிட்ட தடங்களை வேகம், குரல், வாத்தியம் என்று பார்வையிட்டால் எதைக் கேட்டதும் கை பொத்தானுக்குப் போகிறது என்று தெரியும். மெதுவான நடையில் தொடங்குவதையெல்லாம் தள்ளியிருந்தால், அப்படிப்பட்ட பத்துத் தடங்களை வரும் ஆண்டின் பாட ஷீட்டில் முதலில் ஏற்ற வேண்டும்.