காசா பற்றி விவாதம் வைத்தேன், அது பிள்ளைகளின் மதத்தில் போய் நின்றுவிட்டது

உவர்மலை வாசி:

உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் 14 பேருக்குச் சனிக்கிழமை பின்நேரங்களில் விவாதப் பயிற்சி கொடுக்கிறேன். திருகோணமலை டவுன் பிள்ளைகளும் இருக்கிறார்கள், கிண்ணியா, மூதூரில் இருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் இருக்கிறார்கள். போன கிழமை காசாப் போர்ச் செய்திகளில் எதை நம்புவது என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. ஒரு பிள்ளை காசா சுகாதார அமைச்சின் இறப்புக் கணக்கைச் சொல்ல, இன்னொருவன் "அமைச்சை நடத்துவது ஹமாஸ், அது ஹமாஸின் கணக்கு" என்றான். உடனே "நீங்கள் அப்படித்தானே சொல்லுவீங்கள்" என்று ஒரு குரல். அந்த "நீங்கள்" யார் என்று எல்லாருக்கும் விளங்கியது. அதற்குப் பிறகு அல் ஜசீரா என்றால் ஒரு பக்கம் சிரிப்பு, பிபிசி என்றால் மற்றப் பக்கம் சிரிப்பு.

என் மனதை உறுத்துவது வேறொன்று. அந்தக் கூட்டத்தில் ஒரு பெடியனின் அம்மா இஸ்ரேலில் வயோதிபரைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறார். ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 ஒக்டோபர் 7 அன்று அம்மா பாதுகாப்பு அறைக்குள் இருந்துகொண்டு தொலைபேசியில் அழுததை அவன் சொல்லத் தொடங்கினான். யாரோ சிரித்தார்கள். அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு வேண்டியது இதுதான்: பக்கச்சார்பு இல்லாத ஊடகங்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்து, "இதற்குள் இருந்து மட்டும் மேற்கோள் காட்டுங்கள்" என்று சொல்லலாமா?

பழைய செய்தி மேசை:

தம்பி, பட்டியல் கொடுக்க வேண்டாம். அடுத்த கிழமை பட்டியலைப் பற்றித்தான் சண்டை வரும். நான் பல வருடம் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கி, தலைப்புப் போட்டவன். அந்த வேலையில் படித்தது ஒன்று: நிறுவனத்தின் பெயரை விட, தான் பிழை என்று தெரிந்த பிறகு அது என்ன செய்தது என்று பார்ப்பதுதான் பயன்.

2023 ஒக்டோபர் 17 இரவு காசா நகரின் அல் அஹ்லி மருத்துவமனையில் நடந்த வெடிப்பை எடுங்கள். இஸ்ரேல் குண்டு போட்டு 500 பேர் பலி என்று உலகம் முழுக்கத் தலைப்பு ஓடியது. காசா அமைச்சு பிறகு 471 என்றது, அமெரிக்க உளவுத்துறை 100 முதல் 300 வரை என்று மதிப்பிட்டது. இஸ்ரேல், பலஸ்தீன ஆயுதக் குழுவான இஸ்லாமிய ஜிகாத் ஏவிய ரொக்கெட் தவறி விழுந்தது என்றது. நியூயோர்க் டைம்ஸ் ஒக்டோபர் 23 அன்று, தொடக்கச் செய்தியில் ஹமாஸின் கூற்றில் அளவுக்கு மீறித் தங்கிவிட்டோம் என்று ஆசிரியர் குறிப்பே போட்டது. இஸ்ரேலைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டி வருகிற மனித உரிமைகள் கண்காணிப்பகமும், பலஸ்தீன ஆயுதக் குழுக்கள் வழக்கமாகப் பாவிக்கிற மாதிரியான ரொக்கெட் என்றே தெரிகிறது எனச் சொன்னது. தன் வழக்கமான குற்றச்சாட்டுக்குத் துணை நிற்காத ஒன்றை ஒருவர் சொல்லும்போது அதற்குத் தனி எடை உண்டு.

இனி மற்றப் பக்கம். 2025 மார்ச் 23, காசாவின் தெற்கே ரபா. 15 மருத்துவ, மீட்புப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். விளக்கு எரியாமல் சந்தேகமான முறையில் வந்த வாகனங்கள் என்று இஸ்ரேல் இராணுவம் சொன்னது. இறந்த பணியாளர் ஒருவரின் தொலைபேசியில் இருந்து காணொளி வெளிவந்தது, அதில் அம்புலன்ஸ் விளக்குகள் எரிகின்றன. இராணுவம் தன் கதையை மாற்ற வேண்டி வந்தது. இந்த இரண்டு சம்பவத்தையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தீர்கள் என்றால் நீங்களே பக்கம் எடுத்த மாதிரி ஆகிவிடும்.

அமைச்சின் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014 போரில் அமைச்சு சொன்னது 2,310. ஐ.நா. பின்னர் தேடி எண்ணியது 2,251. இஸ்ரேல் சொன்னது 2,125. "ஹமாஸின் கணக்கு" என்று ஒதுக்குகிறவன் இந்த மூன்று எண்ணையும் பார்த்துவிட்டு ஒதுக்கட்டும். ஆனால் அந்தக் கணக்கு பொதுமக்களையும் போராளிகளையும் பிரிப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். இஸ்ரேலும் முதலில் 1,400 என்று சொன்ன ஒக்டோபர் 7 இறப்பு எண்ணிக்கையைச் சுமார் 1,200 என்று தானே குறைத்தது. திருத்தினார்கள் என்பதற்காக அந்தப் படுகொலையே பொய் என்று சொல்ல முடியுமா?

கிண்ணியாக்காரன்:

செய்தி மேசை அண்ணன் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு இடத்தில் மட்டும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சமம் ஆகிவிடுமா? போர் தொடங்கிய நாளில் இருந்து வெளிநாட்டுப் பத்திரிகையாளரைத் தன் பாட்டில் காசாவுக்குள் போக இஸ்ரேல் விடவில்லை, இராணுவம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதை மட்டும் பார்க்கலாம். 2024 மே மாதம் அல் ஜசீராவைத் தன் நாட்டில் மூடியது. உள்ளே நின்று படம் எடுத்த பலஸ்தீனப் பத்திரிகையாளர்கள் வரிசையாகக் கொல்லப்பட்டார்கள். கதவைப் பூட்டியவனே "உள்ளே இருந்து வருகிற செய்திக்கு ஆதாரம் எங்கே" என்று கேட்டால், அந்தக் கேள்வியை நான் எப்படி நேர்மையான கேள்வியாக எடுப்பது? அல் ஜசீராவுக்குக் கட்டார் காசு கொடுக்கிறது, உண்மை, கட்டார் ஆட்சியாளரைப் பற்றி அதில் விமர்சனம் தேடினால் கிடைக்காது. ஆனால் காசாத் தெருவில் கமரா வைத்திருந்தது அவர்கள்.

அதே நேரம் முஸ்லிம்களாகிய எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் "இஸ்ரேல் அரசு" என்று எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் "யூதன்" என்றே எழுதுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். சிரியாவில் முன்னர் எடுத்த ஒரு குழந்தையின் படத்தைக் காசா என்று நம்பி நான் அனுப்பினேன், என் மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். அழித்துவிட்டு, பிழை என்று எல்லாக் குழுவிலும் எழுதினேன். ஒருவர் கேட்டார், "அழித்தால் யாருக்கு லாபம், அங்கே பிள்ளைகள் சாகிறது உண்மைதானே?" எனக்கு அந்தக் கேள்வி மிகவும் வலித்தது. உண்மையாகச் செத்த பிள்ளைக்குப் பொய்ப் படம் தேவையில்லை. அந்த ஒரு படத்தைக் காட்டித்தான் மற்றவன் எல்லாப் படத்தையும் பொய் என்பான்.

2021 ஜனவரியில் இஸ்ரேல் அரசு நடத்துவது இனவொதுக்கல் (அபார்தைட்) ஆட்சி என்று அறிக்கை வெளியிட்ட பெட்செலெம் ஓர் இஸ்ரேலிய அமைப்பு. அதில் யூதர்களும் வேலை செய்கிறார்கள். "யூதன்" என்று ஒரே சொல்லில் எல்லாரையும் கட்டினால் இவர்களை எங்கே வைப்பது?

கடற்கரைத் தெரு:

எல்லாரும் தூரத்துக் கதையே கதைக்கிறீர்கள். 2006 ஜனவரி 2 அன்று எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள் டீச்சர் (சேரா என்று தெரியவில்லை, மன்னிக்கவும்). அவர்களே கொண்டுபோன கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் படைத்தரப்பு முதலில் சொன்னது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்ததைப் படம் எடுத்து வெளியே கொண்டுவந்தவர் பத்திரிகையாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரை இதே ஊரில் சுட்டுக் கொன்றார்கள். ரபாவில் அந்தத் தொலைபேசிக் காணொளி செய்ததை இங்கே அவருடைய கமரா செய்தது. ஒரு படம் என்றால் என்ன, அரசு சொல்கிற கதை என்றால் என்ன என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு யாரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை.

இன்னொன்று, எங்கள் தமிழ் ஆட்களுக்கு. 2009 வன்னி இறுதிப் போர் பற்றி ஐ.நா. நிபுணர் குழு 2011இல் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று சொன்னதை நாங்கள் இறுகப் பிடித்திருக்கிறோம். இலங்கை அரசு அந்தப் போரை "மனிதாபிமான நடவடிக்கை" என்றது. அப்படிப்பட்ட நாங்களே காசா என்று வந்ததும் ஐ.நா.வை நம்ப முடியாது என்கிறோம், ஏனென்றால் "எங்களுக்கும் ஓர் இஸ்ரேல் வேண்டும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் பலர். மறுபக்கம், காசாவுக்கு ஐ.நா. அறிக்கையைக் காட்டுகிற சிலர் 2009 என்றால் வாயைத் திறப்பதில்லை. பெடியன்களை ஒரு நாள் இடம் மாற்றி உட்கார வைத்துப் பாருங்கள்: காசா கணக்கை நம்பாதவன் 2009 கணக்கை நிரூபிக்கட்டும், அதே அளவுகோலால். மற்றவனும் அப்படியே.

சொற்களையும் கவனியுங்கள். மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டிய தடுப்பை இஸ்ரேல் பாதுகாப்பு வேலி என்கிறது, பலஸ்தீனர் இனவொதுக்கல் சுவர் என்கிறார்கள், சர்வதேச நீதிமன்றம் 2004இல் வெறுமனே சுவர் என்று எழுதியது. எந்தச் சொல்லை எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று பேசுகிற பிள்ளை சொல்லிவிட்டுத் தொடங்கினால் பாதிச் சண்டை வராது.

உவர்மலை வாசி:

சேர்தான், பரவாயில்லை. பட்டியல் யோசனையை விட்டுவிட்டேன். இந்தச் சனிக்கிழமை அல் அஹ்லி, ரபா, எங்கள் கடற்கரை மூன்றையும் எடுக்கிறோம், முதல் நாள் யார் என்ன சொன்னார், பிறகு யார் எதை மாற்றினார் என்று மட்டும். கிண்ணியாக்காரன் நானா, அந்தப் படத்தை அழித்த கதையை நீங்களே வந்து பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா? அது நான் சொன்னால் ஏறாது.

கிண்ணியாக்காரன்:

வருகிறேன். அந்தப் பெடியன்?

உவர்மலை வாசி:

நேற்று வீட்டுக்குப் போனேன். அப்பாவோடும் அவனோடும் கதைத்தேன். சிரித்த பிள்ளையும் தானாகவே அவனுக்கு அழைப்பு எடுத்திருக்கிறது, என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை. வருவேன் என்றான், ஆனால் அம்மாவைப் பற்றிக் கதைக்கச் சொல்லக்கூடாது என்று கேட்டான். சரி என்றேன்.