ஒலிப்படி: இசைத்தட்டைக் கணினிக்குக் கொண்டுவரும் வேலைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பழைய இசைத்தட்டை ஓடவிட்டு அதன் ஒலியை வீட்டுக் கணினியில் கோப்பாகச் சேர்த்துவைக்கிறோமே, அந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்பது கேள்வி. எண்ணிமமாக்கம், ஒலிமாற்றம், ஒலிபெயர்ப்பு, தட்டுரித்தல் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: ஒலிப்படி. வேலைக்கு ஒலிப்படியெடுப்பு, செய்பவருக்கு ஒலிப்படியாளர்.

ஒலிமாற்றத்தை மொழியியலார் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரு சொல்லில் ஓர் ஒலி இன்னொன்றாகத் திரிவதற்கு அதுதான் பெயர். ஒலிபெயர்ப்பும் அப்படியே. பிறமொழிப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுவதை அச்சொல்லால் குறித்துவருகிறோம். குடியிருக்கும் வீட்டில் இன்னொருவரைக் குடிவைக்க வேண்டாம்.

தட்டுரித்தல் குறுவட்டுக்குப் பொருந்தும், இசைத்தட்டுக்குப் பொருந்தாது. குறுவட்டில் ஒலி ஏற்கெனவே எண்களாக இருக்கிறது. கணினி அந்த எண்களை அள்ளிக்கொண்டு வருகிறது, அதுவும் பாட்டு ஓடும் நேரத்தைவிட விரைவாக. இசைத்தட்டில் எண்ணே கிடையாது. இருபது நிமிடப் பக்கத்துக்கு இருபது நிமிடம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உரித்து எடுக்க அங்கே தோல் ஏதும் இல்லை.

மீதமிருப்பது எண்ணிமமாக்கம், அதாவது ஒன்றைக் கணினிக்கு ஏற்ற எண்களாக மாற்றுவது. இலக்கமாக்கல், எண்மயமாக்கல் என்று எழுதுகிறவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோர் பக்கம் சாய்வது இந்தச் சொல்லிடம்தான். எனக்கு அதன்மேல் பகையில்லை. நூலுக்கும் படத்துக்கும் ஒலிக்கும் பொதுவான சொல்லாக அது இருக்கட்டும். இந்த வேலையின் பெயராக மட்டும் அது போதாது என்கிறேன். ஏனென்றால் வேலையின் பெரும்பகுதி எண் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். தட்டை எடுத்ததும் முதலில் அது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்குத் தட்டுகள். ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும். பிற்கால வினைல் (நெகிழி) தட்டுக்குப் பலர் பயன்படுத்தும், ஆல்கஹால் கலந்த துடைப்பு நீர்மத்தை அதில் தடவினால் பாட்டையே துடைத்தெடுத்தது போல ஆகிவிடும். அடுத்தது முள். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்குச் சுமார் 75 மைக்ரான் முனை வேண்டும் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 1948இல் வந்த நெடுந்தட்டுக்கு (எல்.பி.) 18 முதல் 25 மைக்ரான் வரை போதும். நெடுந்தட்டு முள்ளை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் தூசியை உழுதுகொண்டு போகும். கேட்பது தூசியின் பாட்டு. நூறு தடவை ஓடித் தேய்ந்த தட்டென்றால் இன்னும் நுணுக்கம்: பழைய முள் தொட்டுத் தேய்த்த இடத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ உரசும்படி வேறு அளவு முள்ளைத் தேட வேண்டும். தேயாத சுவர் கிடைத்துவிட்டால், இரைச்சலுக்குள் மூழ்கியிருந்த குரல் எழுந்து வந்து முன்னால் நிற்கும்.

பிறகு நடுத்துளை. தட்டு சுற்றும்போது முள் தாங்கிய கை இடமும் வலமும் ஆடினால் துளை மையத்தில் இல்லை என்று பொருள். ஒரு மில்லிமீட்டர் விலகல்தானே என்று விட்டுவிட முடியாது. மையத்திலிருந்து ஆறு சென்டிமீட்டரில் இருக்கும் உள்வட்டத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர், சுருதியை அரைச்சுரத்தில் கால்பங்குக்கு மேல் ஏற்றி இறக்கிவிடும். நீட்டிப் பிடித்த ஒரு சுரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நடுங்கும். தட்டை விரல்நுனியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, கை ஆடாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பேன். இதுவரை கணினியை நான் திறக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முள்ளிலிருந்து கிளம்பும் மின்னழுத்தம் காந்தவகை முள்பெட்டியில் (முள்ளின் அசைவை மின்னாக மாற்றும் சிறு பெட்டி) சில மில்லிவோல்ட்தான். அதை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்க வேண்டும். பெருக்கினால் மட்டும் போதாது. தட்டு வெட்டும்போதே கீழொலியை (தாழ்ந்த சுருதி ஒலியை) குறைத்தும் மேலொலியை (உயர்ந்த சுருதி ஒலியை) கூட்டியும் வெட்டியிருப்பார்கள். கீழொலியை உள்ளபடி வெட்டினால் பள்ளம் அகல அகலமாக ஆடி அடுத்த சுற்றின் இடத்தைத் தின்றுவிடும். மேலொலியைக் கூட்டாவிட்டால் அது தட்டின் இரைச்சலில் அமுங்கிப்போகும். கேட்கும் பக்கத்தில் இதைத் தலைகீழாக ஈடுசெய்ய வேண்டும். 1954இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலமைப்பு இதற்கு ஒரு பொது அளவை வகுத்தது. 1,000 ஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டால் 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல் கூட்ட வேண்டும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல் குறைக்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் அளவில் வெட்டியது. ஆகவே 78 தட்டை ஈடுசெய்யாமல் உள்ளபடியே பதிந்துகொண்டு, எந்த அளவு பொருந்துகிறது என்று பிறகு கணினியில் பார்ப்பவர்கள் உண்டு. எழுத்தின் காலம் தெரிந்துகொண்டு கல்வெட்டை வாசிப்பதும் இதே வேலைதான்.

கல்வெட்டு என்று சும்மா சொல்லவில்லை. என் சொல் பிறந்த இடமே அதுதான். மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கல்லைத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு கழுவுவார்கள். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். தாள் சற்று உலர்ந்ததும் மை தோய்த்த பஞ்சுறையால் ஒற்றுவார்கள். கல்லின் மேல்பரப்பு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் தாளில் வந்து நிற்கும். பள்ளமாக வெட்டிய ஒன்றை, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கித் தொட்டு எடுக்கிறார்கள். இசைத்தட்டும் பள்ளமாக வெட்டிய எழுத்துதான். முள் அதற்குள் இறங்கிய தாள். மைப்படியை யாரும் தாளாக்கம் என்று அழைத்ததில்லை. எடுத்தது எதன்மேல் வந்து தங்கியது என்பது பெயராகவில்லை, எடுத்த செயல் பெயராயிற்று. ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதியவர்களும் படியெடுத்தோம் என்றே சொன்னார்கள். நம் மொழியில் இந்த வகை வேலைக்கு வினைச்சொல் முன்பே இருக்கிறது. அதற்கு முன்னால் ஒலியைச் சேர்ப்பது மட்டும்தான் நாம் செய்ய வேண்டியது.

இனி எதிர்க்கருத்துகள்.

> ஒலிப்படி, ஒளிப்படி என்று குழம்பாதா?

ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் ஒரே துறையில், ஒரே ஆளின் வாயில், நெடுங்காலமாகச் சேர்ந்து வாழ்கின்றன. லகர ளகரத்தைச் சரியாகச் சொல்வது சொல்லாக்குபவரின் பொறுப்பில் வராது, சொல்பவரின் பொறுப்பு.

> 'படி'க்குப் பொருள் அதிகம். சட்டப்படி, முறைப்படி என்பது போல, ஒலிப்படி என்றால் 'ஒலிக்கு ஏற்ப' என்றும் ஆகுமே?

இதுதான் உண்மையான இடர். ஒலிப்படி எழுது என்று தனியே நின்றால் இரண்டு வகையாகவும் படிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 'ஏற்ப' என்று பொருள்தரும் படி வேற்றுமை உருபு ஏற்காது. சட்டப்படியை, சட்டப்படியில் என்று அந்தப் பொருளில் யாரும் சொல்வதில்லை. ஒலிப்படியை அனுப்பினேன், ஒலிப்படியில் இரைச்சல் இருக்கிறது என்று உருபோடு வரும்போது குழப்பத்துக்கு இடமில்லை. பெயர்ச்சொல் பெரும்பாலும் உருபோடுதானே நடமாடுகிறது.

> நகல் என்ற எளிய சொல் இருக்கும்போது ஏன் இவ்வளவு?

நகலும் வேண்டும், வேறு வேலைக்கு. ஒரு கோப்பை இன்னொரு வட்டில் போட்டுவைத்தால் அது நகல். எத்தனை எடுத்தாலும் ஒன்றுக்கொன்று மாறாது. படி அப்படியில்லை. ஒரே தட்டிலிருந்து நீங்கள் எடுப்பதும் நான் எடுப்பதும் ஒன்றாக இருக்காது. முள் வேறு, கை வேறு, காது வேறு. அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்ளும் சொல் நமக்குத் தேவை.

இதையொட்டி இன்னும் இரண்டு சொற்களைப் பரிந்துரைக்கிறேன்: மூலப்படி, செப்பப்படி. தட்டிலிருந்து வந்தது வந்தபடியே, கீறலும் பொரிச்சலும் உட்பட, எதையும் தொடாமல் வைப்பது மூலப்படி. அதிலிருந்து இரைச்சல் நீக்கி, வெடிப்பு அகற்றி, பாட்டுப் பாட்டாகப் பிரித்துக் கேட்க ஏற்றதாகச் செய்வது செப்பப்படி. இந்தப் பிரிவு இல்லாததன் விலையை நான் அறிவேன். தொடக்கத்தில் அப்பாவின் தட்டொன்றை எடுத்தபோது வெடிப்பு நீக்கியை முழு வலுவில் ஓடவிட்டுச் சேமித்தேன். முதலில் பதிந்த கோப்பை இடம் அடைக்கிறதே என்று அழித்துவிட்டேன். சில மாதம் கழித்து நல்ல ஒலிபெருக்கியில் கேட்டபோதுதான் தெரிந்தது. வெடிப்புக்கும் மிருதங்கத்தின் கூரான அடிக்கும் மென்பொருளால் வேறுபாடு காண முடியவில்லை. ஒவ்வொரு அடியின் தலையையும் அது வழித்து எடுத்திருந்தது. இரைச்சல் நீக்கியோ பாடகரின் சகரங்களை மழுங்கடித்திருந்தது. தட்டும் அதற்குள் விரிசல் விட்டிருந்தது. சுவடியில் உள்ள பாடத்தைத் தன் விருப்பத்துக்குத் திருத்தி அச்சிட்டு, சுவடியை அடுப்பில் போட்ட பதிப்பாசிரியரின் நிலை எனக்கு. அன்று மூலப்படி என்று ஒரு பெயர் என் மனத்தில் இருந்திருந்தால், அதை அழிக்கக் கை எழுந்திருக்காது என்றே நம்புகிறேன்.

இடம் அடைக்கும் என்பது உண்மைதான். 24 பிட், 96,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 96,000 முறை ஒலியை அளந்து ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாக எழுதி, இரு தடமாகப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 35 மெகாபைட். இருபது நிமிடப் பக்கம் 690 மெகாபைட்டுக்கு வரும். ஃபிளாக் (FLAC) என்னும் கோப்பு வடிவில் வைத்தால் இழப்பில்லாமல் சுருங்கும். எம்பி3 செப்பப்படியின் நகலுக்கு மட்டும்.

சிறு சொற்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தட்டின் ஒற்றை ஓசைக்கு வெடிப்பு. சொடுக்கு வேண்டாம், அது கணினியின் சுட்டியிடம் போய்விட்டது. தொடர்ந்து வரும் சிற்றொலிக்குப் பொரிச்சல். சுழல்மேடையின் அடியிலிருந்து வரும் தாழ்ந்த ஒலிக்கு உறுமல். பதிவளவு மீறி அலையின் உச்சி தட்டையாவதற்கு முகடுவெட்டு. இது வராமலிருக்க உச்சத்துக்கு 6 டெசிபெல் கீழே நிற்கும்படி பதிவது நல்லது. வெட்டும்போது மாற்றிய கீழொலி மேலொலியை ஈடுசெய்யும் அளவுக்கு ஈட்டுக்கோடு.

பள்ளத்துக்குத்தான் எனக்கு மனநிறைவான சொல் இன்னும் அமையவில்லை. ஒலித்தடம் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. சால் என்று சொல்ல ஆசை. ஏர் கிழித்த கோடு உழவுசால். தட்டிலும் விளிம்பில் தொடங்கி நடுவரை போகும் ஒரே சால்தான் உண்டு. இருபது நிமிட நெடுந்தட்டுப் பக்கத்தில் அது சுமார் 667 சுற்று, நீட்டிப் போட்டால் 400 மீட்டருக்கு மேல் வரும். தட்டை வெட்டும் முனைக்குக் கொழு என்ற சொல்லும் கூடவே கிடைக்கும். ஆனால் இரண்டாம் வேற்றுமையில் சால் சாலையாகிவிடுகிறது. ஒலிச்சாலை என்றால் ஏதோ கூடத்தின் பெயர் போலிருக்கிறது. சாலினை என்று எழுதினால் தப்பிக்கலாம், பேச்சில் அது வராது. யாருக்காவது வழி தோன்றினால் சொல்லுங்கள்.

சொற்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, நேற்று எடுத்த ஒரு தட்டின் கோப்புக்குறிப்பை இந்தச் சொற்களாலேயே எழுதினேன்:

"முதல் பக்கம். மூலப்படி. அரக்குத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. முள் 75 மைக்ரான். நடுத்துளை விலகல் சரிசெய்யப்பட்டது. ஈட்டுக்கோடு இடவில்லை. 24 பிட், 96,000 ஹெர்ட்ஸ். முகடுவெட்டு இல்லை. 40ஆம் நொடியில் கீறல், ஒன்பது சுற்றுக்கு வெடிப்பு கேட்கும். செப்பப்படி தனிக்கோப்பில்."

இசைத்தட்டையே தொட்டிராத என் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஈட்டுக்கோடு என்ற ஓரிடத்தில் மட்டும் நின்று பொருள் கேட்டாள். அதைவிடத் தெளிவான சொல் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்.