வழிநாவல், சார்புநாவல்: தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறக்கும் நாவலுக்கு ஒரு சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, தேவை எங்கே எழுந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சிப் பக்கம் நான் உதவிக்குப் போகும் ஒரு சிறு நூலகத்துக்கு இங்கிலாந்திலிருந்து புத்தகப் பெட்டிகள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை, காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் 'டொக்டர்' என்பவரைப் பற்றிய டொக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரின் கதைகளை நாவலாக எழுதிய மெல்லிய புத்தகங்கள். எண் கொடுப்பதில் சிக்கல் இல்லை, ஆங்கிலப் புனைகதைக்கு டூயி நூலகப் பகுப்பில் 823. வகைப் பெயரைத் தமிழில் எழுத வேண்டிய நிரல்தான் வெறுமையாக நிற்கிறது.

இதுவரை வந்த முன்மொழிவுகளில் வலுவானது 'நாவலாக்கம்'. நாடகமாக்கம், நூலாக்கம் என்ற வரிசையில் இது இயல்பாக உட்காரும் என்று சென்னை நண்பர் சொல்வது உண்மைதான். ஆனால் அது செயலின் பெயர், அலுமாரியில் இருப்பது புத்தகம். அதோடு இங்கே 'ஆக்கம்' என்றால் ஒருவர் எழுதிய படைப்பு. 'மலருக்கு உங்கள் ஆக்கங்களை அனுப்பி வையுங்கள்' என்று பாடசாலைகளில் அறிவித்தல் போடுவார்கள். நாவலாக்கம் என்று இங்குள்ள பிள்ளையிடம் சொன்னால் நாவல் எழுதும் கலை என்றுதான் விளங்கிக்கொள்ளும்.

'புதினம்' சேர்ந்த சொற்கள் எதுவும் வன்னிக்குச் சரிவராது. இங்கே புதினம் என்றால் செய்தி. "என்ன புதினம்?" என்று கேட்டுக்கொண்டுதான் சனம் படலையைத் திறக்கும். 'காட்சிப்புதினம்' என்று எழுதி ஒட்டினால் செய்திப் படங்களின் தொகுப்பு என்று நினைப்பார்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் இதைக் குறையாக எடுக்க வேண்டாம். இரு கரையிலும் ஒரே பொருள் தரும் சொல் வேண்டுமென்றால் 'நாவல்' என்பதையே வைத்துக்கொள்வோம்.

'தழுவல் நாவல்' பற்றி ரொறன்ரோ அக்கா விரிவாக எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. வேற்றுமொழிக் கதையை எடுத்து நம் வழக்கத்துக்கு ஏற்ப எழுதுவதைத்தான் தழுவல் என்று சொல்லி வருகிறோம். திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட ஊசோன் பாலந்தை கதை அப்படி வந்தது. அதையும், டொக்டர் ஹூவில் பகைவர்களாக வரும் டாலெக்குகளின் கதையையும் ஒரே வகைப் பெயரின் கீழ் வைத்தால் தேடி வருபவருக்கு இரண்டும் கிடைக்காது. 'திரைநாவல்' என்றால் சினிமா பற்றிய நாவலா, சினிமாவுக்காக எழுதியதா என்ற கேள்வி வரும். 'தொடர்நாவல்' என்பதை வார இதழ்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன.

வவுனியா ஐயா ஒரே வரியில் "நன்னூலைத் திறந்து பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். திறந்தேன். முதல், வழி, சார்பு என்று நூல் மூன்று வகை. வழிநூலுக்குப் பவணந்தியார் சொல்லும் இலக்கணம் இது:

"முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்"

முடிவிலே முதல்நூலோடு முழுக்க ஒத்துப்போக வேண்டும், பின்னால் வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளையும் சொல்லலாம். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுக்கு முந்திய ஓர் இலக்கண நூல், 1964இல் லண்டனில் அச்சான புத்தகம் ஒன்றை இவ்வளவு துல்லியமாக வரையறுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எப்படி என்று சொல்கிறேன். டொக்டர் ஹூ பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அதன் முதல் கதைத் தொகுப்பாளர் டேவிட் விட்டேக்கர். டாலெக்குகள் முதன்முதலாக வந்த கதையைத் தொலைக்காட்சிக்கு எழுதியவர் டெரி நேஷன், அதை அடுத்த ஆண்டே நாவலாக எழுதியவர் விட்டேக்கர். தொலைக்காட்சியில் இயனும் பார்பராவும் ஒரே பாடசாலை ஆசிரியர்கள். ஒரு மாணவியைப் பற்றிய சந்தேகத்தில் பின்தொடர்ந்து போய் டொக்டரின் பயண ஊர்தியான நீலப் பெட்டிக்குள் அகப்படுகிறார்கள். நாவலில் பாடசாலையே இல்லை. பனிமூட்டம் மூடிய வெளியில் நடந்த ஒரு வாகன விபத்து அவர்களைச் சேர்த்து வைக்கிறது. முழுக் கதையையும் இயனே 'நான்' என்று சொல்லிக்கொண்டு போகிறான். தொலைக்காட்சியில் இல்லாத கண்ணாடி டாலெக் ஒன்றும் நாவலில் வருகிறது. இத்தனை இருந்தும் டாலெக்குகள் தோற்பதும் பயணிகள் அந்தக் கோளை விட்டுப் போவதும் மாறவில்லை. முடிபு ஒருங்கு ஒத்திருக்கிறது, விகற்பம் பின்னோனுடையது.

மல்கம் ஹல்க் இன்னொரு வழியில் போகிறார். நிலத்துக்கடியில் உறங்கிக் கிடந்த ஊர்வன இன மக்கள் விழித்தெழும் கதையை 1970இல் தொலைக்காட்சிக்கு எழுதியவரும் அவர்தான், 1974இல் நாவலாக்கியவரும் அவர்தான். திரையில் அந்த மக்களில் ஒருவருக்கும் தனிப்பெயர் கூடக் கிடையாது. நாவலில் ஹல்க் அவர்களுக்குப் பெயர் கொடுத்து, அவர்கள் உறங்கப் போகும் காலத்திலிருந்து, அவர்கள் பார்வையிலேயே கதையைத் தொடங்குகிறார். மனிதர் நமக்கு முதலில் அந்நியராகத் தெரிகிறார்கள். தன் மண்ணுக்குத் திரும்பி வந்தவன் அங்கே வேறொருவர் குடியிருக்கக் காண்பது என்ன என்று இங்குள்ள வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த வரிசையில் மிகப் பிடித்த புத்தகம் இதுதான். நாவல் திரையை அப்படியே படியெடுப்பது, அதற்குத் தனிச்சொல் எதற்கு என்று கேட்டவர்கள் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

எல்லாப் புத்தகமும் இந்தத் தரத்தில் இல்லை. டார்கெட் என்ற பெயரில் 1973இல் தொடங்கிய இந்த வரிசையில் அறுபதுக்கு மேற்பட்டவற்றை டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே எழுதினார். சிலவற்றில் திரைக்கதையின் உரையாடலுக்கு இடையே நடை, இருப்பு, கதவு திறப்பு என்று போட்டு முடித்த அவசரம் தெரிகிறது. ஆனாலும் அவருடைய தெளிவான சின்ன வாக்கியங்கள் ஆங்கிலம் பழகும் பிள்ளைக்கு நல்ல வாசல். எங்கள் மேசையில் இவைதான் முதலில் இரவல் போகும் என்று நம்புகிறேன்.

அப்புறம், "முதல்நூல் என்றால் நூலாக இருக்க வேண்டாமா, தொலைக்காட்சி எப்படி முதல் ஆகும்?" என்று கேட்ட தம்பிக்கு. நம் கண்முன்னேயே கதை ஊடகம் விட்டு ஊடகம் போகிறது. முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பார்க்கும் சனம் அதைச் சிலப்பதிகாரத்தின் உறவாகத்தான் பார்க்கிறது. ஏட்டில் இருந்தது களரிக்கு வரலாம் என்றால், திரையில் இருந்தது ஏட்டுக்கு வருவதை வழி என்று சொல்வதில் தடையில்லை. அதைவிட முக்கியமானது, இந்த எழுத்தாளர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்து எழுதவில்லை, திரைக்கதைப் பிரதியைக் கையில் வைத்துத்தான் எழுதினார்கள். அன்றைக்கு வீட்டில் ஒளிநாடாக் கருவி இல்லை. ஒளிபரப்பானதை மறுபடி பார்க்க வழியில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நாவல்தான் இரண்டாம் முறை பார்த்தல்.

இதில் ஒரு கொடுமையும் நடந்தது. பிபிசி பழைய நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. டொக்டர் ஹூவின் 1960களின் அங்கங்களில் (எபிசோட்) தொண்ணூறுக்கு மேற்பட்டவை இன்றும் இல்லை. இரசிகர்கள் வீட்டில் ஒலியை மட்டும் பதிவு செய்து வைத்ததால் அவற்றின் ஒலி தப்பியது. ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த நமக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியும். மார்கோ போலோவின் பயணத்தில் டொக்டர் சேரும் ஏழு அங்கக் கதையில் ஒன்று கூட எஞ்சவில்லை. அதைத் திரைக்கு எழுதிய ஜோன் லுகரோட்டியே பிறகு நாவலாகவும் எழுதினார். திரோயா நகர முற்றுகைக் கதையின் நான்கு அங்கங்களும் போய்விட்டன. டொனால்ட் கொட்டன் அதை ஹோமரே சொல்வது போல நாவலாக்கினார். முதல் அழிந்து வழி மட்டும் நிற்கும் நிலை தமிழ் நூல் வரலாற்றுக்குப் புதிதா என்ன?

தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய்ப் படம் பார்த்து வந்தவர் சொல்லச் சொல்ல, பார்க்காதவர்கள் அந்தப் படத்தை முழுவதுமாக வைத்திருந்தார்கள். சொல்பவர் சண்டையைக் கூட்டுவார், பாட்டைக் குறைப்பார், முடிவை மட்டும் மாற்ற மாட்டார். பார்க்கக் கிடைக்காத கதையைச் சொல்லாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் இந்த மண்ணில் இருந்தது. ஆகவே இந்தப் புத்தகங்களை இரண்டாந்தரச் சரக்கு என்று ஒதுக்கும் தொனி வகைப் பெயரில் வரக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 'வழிநாவல்' என்ற சொல்லில் அந்தத் தொனி இல்லை. கம்பராமாயணத்தையே வான்மீகத்தின் வழிநூல் என்றுதான் சொல்கிறோம்.

இனி மூன்றாவது வகை. தொடர் 1989இல் நின்றுபோனது. 1991 முதல் வேர்ஜின் பதிப்பகம் புத்தம்புதுக் கதைகளை வெளியிட்டது. டொக்டர் அதே டொக்டர்தான், கதை எந்தத் திரையிலும் வராதது. பெட்டிகளில் இவையும் கலந்து கிடக்கின்றன. இவற்றையும் வழிநாவல் என்று எழுதினால் அது பிழை. இதற்கும் நன்னூலில் இடம் உண்டு:

"இருவர் நூற்கு மொருசிறை தொடங்கித்
திரிபுவே றுடையது புடைநூ லாகும்"

முன்னைய நூல்களுக்கு ஒரு பக்கம் ஒத்து, மற்றப்படி வேறாகப் போவது. சார்புநூல் என்பதும் புடைநூல் என்பதும் ஒன்றே. 'புடைநாவல்' வேண்டாம். இங்கே புடையன் என்றால் பாம்பு, பிள்ளைகளின் மனம் நேரே அங்கேதான் போகும். 'சார்புநாவல்' தெளிவாக இருக்கிறது. ஒருவர் சார்ந்திருக்கிறார், ஆனால் தனியாள். இந்தப் புத்தகங்களும் அப்படியே.

சொல்லைச் சோதிக்க இரண்டு கடினமான புத்தகங்களை எடுத்தேன். டக்ளஸ் அடம்ஸ் எழுதிய ஷாடா என்ற டொக்டர் ஹூ கதை 1979இல் படப்பிடிப்பின் நடுவே வேலைநிறுத்தத்தால் நின்றுபோனது, அன்று ஒளிபரப்பாகவே இல்லை. 2012இல் கரத் ரொபேட்ஸ் அந்தத் திரைக்கதையிலிருந்து நாவல் எழுதினார். ஒளிபரப்பானதை வைத்து எழுதியது என்று நாம் வரையறுத்தால் இது வெளியே போய்விடும். ஆகவே வரையறையில் 'திரைப்படைப்பு அல்லது அதன் எழுத்துப்பிரதி' என்று இருக்க வேண்டும். மற்றது, போல் கோர்னெல் என்ற எழுத்தாளர் 1995இல் எழுதிய சார்புநாவல் ஒன்று. 2005இல் தொடர் மீண்டும் வந்தபின், 2007இல் அந்த நாவலையே இரண்டு அங்கங்களாகப் படமாக்கினார்கள். அங்கே நாவல் முதல், திரை வழி. புத்தகத்தின் வகைப் பெயர் அது எழுதப்பட்ட காலத்து உறவைத்தான் சொல்ல வேண்டும், ஆகவே அது சார்புநாவலாகவே நிற்கும். பின்னால் நடந்ததைக் குறிப்பு நிரலில் எழுதலாம்.

'வழிநாவல்' என்றால் வழிகாட்டி என்று எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தை யாழ்ப்பாணத்து ஆசிரியை எழுதியிருந்தார். ஆசிரியர் வழிகாட்டி என்ற தலைப்போடு எத்தனையோ நூல்கள் பாடசாலைகளில் இருப்பதால் நியாயமான பயம்தான். ஆனால் 'நாவல்' கூடவே நிற்பதால் குழப்பம் நீடிக்காது. 'கம்பன் வான்மீகி வழி நின்றான்' என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். எழுதும்போது சேர்த்து எழுதுவோம், இடைவெளி விட்டால்தான் சிக்கல்.

வரையறையை இப்படி வைக்கலாமா என்று பாருங்கள்.

வழிநாவல்: ஒரு திரைப்படைப்பின் அல்லது அதன் எழுத்துப்பிரதியின் கதையை, முடிபு மாறாமல், ஆசிரியர் தமக்கு வேண்டிய வேறுபாடுகளோடு நாவல் வடிவில் தருவது.

சார்புநாவல்: ஒரு திரைப்படைப்பின் மாந்தரையும் உலகையும் எடுத்துக்கொண்டு, அதில் வராத புதுக்கதையை நாவலாகத் தருவது.

ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கிறது. பெட்டிகளின் அடியில் ஸ்டார் ட்ரெக் என்ற தொலைக்காட்சித் தொடரை வைத்து ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய புத்தகங்கள் சில உண்டு. 1967இல் தொடங்கிய அந்த வரிசையில் ஒவ்வொரு அங்கமும் ஒரு சிறுகதை. 'வழிக்கதை' என்று எழுதத்தான் முதலில் கை போனது, ஆனால் அது பயணத்தில் சொல்லும் கதை போலக் கேட்கிறது. 'வழிச்சிறுகதை' என்று வைத்தால் ஒலி கொஞ்சம் இறுகினாலும் பொருள் வழுவாது. இதற்கு மேல் நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த கிழமை ஒட்டுத்தாள் அச்சுக்குப் போகிறது, அதற்கு முன்னால் வந்தால் சேர்த்துக்கொள்வேன்.